பசை காயும்வரை தொடாதீர்கள்

முக்காலி என்றால் மூன்று கால் போதும். ஆனால் கூடத்தின் நடுவில் பழைய படுக்கை விரிப்புக்கு அடியில் நின்றிருந்தது நாற்காலி. நான்கு கால்கள் இருந்தும் அதில் மூன்றுதான் தரையைத் தொட்டன. நான்காவது, ஈரத் தரையில் கால் வைக்க யோசிப்பதுபோல் அந்தரத்தில் நின்றது.

அவள் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே விட்டாள். பார்க்கக் கூடாது என்பது வீட்டு உத்தரவு. "பசை காயற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. திறந்து பார்த்தா காத்துப் பட்டுப் பிடிப்பு விட்டுடும். ஞாயித்துக்கிழமை காலையில நானே திறக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கணவர் ஆபீசுக்குக் கிளம்பியிருந்தார். குடிநீர் அலுவலகத்தில் பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. வெளியிலிருந்து யாரும் வராத அறை. அங்கே வீடியோ பார்த்தே மரவேலை கற்றிருந்தார்.

அவளுக்கு வேலை வங்கியில், பணம் வாங்கும் கவுன்ட்டரில். கள்ளநோட்டைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, கட்டுக்கு நடுவில் செருகியிருந்தாலும் அவள் விரல் அங்கே நின்றுவிடும். மேலாளரே சந்தேகம் வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் வருவார். வீட்டிலும் அந்தக் கறார் உண்டு. எதை வாங்கக் கேட்டாலும் "ஏங்க, இருக்கிறதே போதாதா?" என்பாள். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் இதுவரை யாரும் பதில் கண்டுபிடித்ததில்லை. சாய்ந்து உட்கார்ந்து படிக்க ஒரு நல்ல மர நாற்காலி வேண்டுமென்று கணவர் பல வருஷமாகக் கேட்டு, பல வருஷமாகத் தோற்றுப்போயிருந்தார். ஒருநாள் அவர், "சரி, வாங்க வேணாம். நானே செஞ்சுக்கறேன்" என்றார். செலவில்லாத காரியத்துக்கு மறுப்புச் சொல்ல அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அதன் விளைவுதான் விரிப்புக்கு அடியில் நின்றது. பழங்கள் வந்த பெட்டிகளைப் பிரித்த பலகை. செய்து முடிப்பதற்குள் அவருடைய இடது கையில் நான்கு விரல்களுக்குக் கட்டு.

நாற்காலி ஆடுவது பெரிய விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருகிறாள் என்பதுதான் பெரிய விஷயம். கணவருக்கு அக்கா. "இவன் பென்சில் சீவ உட்கார்ந்தா சீவல்தான் மிஞ்சும், பென்சில் மிஞ்சாது" என்று கல்யாணப் பந்தலிலேயே பெண்வீட்டாரிடம் சொன்னவள். அன்று மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது, மணப்பெண்ணாகப் பக்கத்தில் இருந்த அவளுக்கு இன்னும் நினைவில் இருந்தது. இந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்தால் அதோடு கதை முடிந்தது. அவர் மறுபடி அதே மாதிரி தலை குனிவார்.

அதைப் பார்க்க அவளுக்கு மனசில்லை. வங்கிக்கு அரைநாள் விடுப்புச் சொன்னாள். காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளை நிறுத்தி, இருவருமாக நாற்காலியை விரிப்போடு தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோவதுபோலத் தெருக்கோடிப் பட்டறைக்குப் போனார்கள்.

தச்சர் விரிப்பை விலக்கினார். நாற்காலியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"ரிப்பேர் பண்ண முடியாதும்மா. புதுசா ஒண்ணுதான் செய்யணும்."

"செய்ங்கண்ணே. ஆனா இதே மாதிரி இருக்கணும்."

"இதே மாதிரியா?" தச்சருக்குக் கொஞ்சம் மனசு புண்பட்டுவிட்டது.

"பார்வைக்கு இதே மாதிரி. ஆனா நிக்கணும்."

அவசரத்துக்கென்று தனியாகச் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இதுவும் அவசரம்தானே. சனிக்கிழமை கணவர் வெளியே போன நேரம் பார்த்துப் புது நாற்காலி வந்து விரிப்புக்கு அடியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அக்கா வந்து, காபி குடித்து, "எங்கடா உன் சிம்மாசனம்?" என்றாள். கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விரிப்பை உருவினார். உருவியவர் அப்படியே நின்றுவிட்டார். கைப்பிடியைத் தடவினார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசை நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார் கடைசியில்.

அக்கா உட்கார்ந்தாள். இப்படிச் சாய்ந்தாள், அப்படிச் சாய்ந்தாள், எழுந்து மறுபடி தொப்பென்று உட்கார்ந்தாள். நாற்காலி முனகக்கூட இல்லை. அக்காவுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனதை அந்தக் குடும்பம் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தது.

"டேய், நீயாடா செஞ்ச?"

"பின்ன வேற யாரு செய்வா?" என்று கேட்டு, கணவர் மறுபடி மனைவியைப் பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று அவள் மூச்சு விட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் அது நல்ல மனைவியின் நல்ல காரியமாகப் போயிருக்கும். பாராட்டுக் கிடைத்த ஆம்பளை சும்மா இருப்பானா என்பதை அவள் யோசிக்கவில்லை. அடுத்த வாரமே கணவர் செருப்பு வைக்கும் தட்டு ஒன்றை ஆரம்பித்தார். அது நாற்காலியைவிட மோசம். பிறகு ஒரு புத்தக அலமாரி. அதில் பாதிப் பலகைகளுக்கு ஆணியே இல்லை, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து பிழைத்தன. ஆனால் இப்போதெல்லாம் அவர் விரல்களில் கட்டு இல்லை. கை பழகிவிட்டது, வேலைதான் இன்னும் பழகவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொன்றும் விரிப்புக்குள் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் பசை காயும்வரை தொடக் கூடாதென்ற உத்தரவு வந்தது. உத்தரவு போட்ட கையோடு, வீட்டில் இருந்தால் எடுத்துப் பார்க்கத் தோன்றும் என்று சனிக்கிழமை முழுக்க அவர் வெளியே போய்விடுவார். தெய்வமே துணை நிற்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

தச்சரும் தங்கமான மனுஷன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. புத்தக அலமாரிக்கு அவள் அளவு நாடாவை எடுத்தபோது, "வேணாம்மா, அளவு தெரியும்" என்றார். கொண்டுபோன அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் விறகுப் பக்கம் சாய்த்துவிட்டார்.

"பாத்தியா, பார்க்காமலே அளவு சொல்றாரு. தொழில்னா அது" என்றாள் மகளிடம், திரும்பி வரும் வழியில்.

"அம்மா, பாங்க்ல நீ கள்ளநோட்டைப் பிடிக்கிற. வீட்டுல நீயே அச்சடிக்கிற" என்றாள் மகள்.

"உங்கப்பா முகத்தைப் பாத்தியா? எவ்வளவு சந்தோஷமா இருக்காரு."

"சந்தோஷமாத்தான் இருக்காரு. அதான் எனக்குப் புரியல."

புத்தக அலமாரியின் திறப்பு விழாவில் அக்கா முழுசாகக் கவிழ்ந்துவிட்டாள். தன் வீட்டுக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்றாள், மரத்துக்குப் பணம் தருவதாகவும் சொன்னாள். அவசரப் பணத்தில் மிச்சம் எவ்வளவு என்று மனைவி மனசுக்குள் எண்ணினாள். ஆனால் கணவர் கொஞ்சமும் அசரவில்லை. "உங்க வீட்டுக்குச் சரிவராதுக்கா. இந்தப் பசை இந்த வீட்டுக் காத்துக்குத்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டார். தன்னடக்கம் என்று அக்கா மெச்சிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம்தான் வெடி வெடித்தது. புது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, புது அலமாரியிலிருந்து எடுத்த புத்தகத்தை மடியில் கவிழ்த்தபடி அவர் சொன்னார்:

"வேலையை விட்டுடலாம்னு பார்க்கறேன்."

"எந்த வேலையை?"

"ஆபீஸ் வேலையைத்தான். இவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டுக் கோப்பைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது தப்புன்னு தோணுது. பட்டறை ஒண்ணு போட்டுடலாம்."

அவளுக்கு வீட்டுக் கடன் கண் முன்னால் வந்தது. பிறகு மகளின் காலேஜ். ராத்திரிச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். நாற்காலியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், இத்தனை நாள் ஏமாற்றியதைச் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு அவர் தலை குனிய வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். அதைவிட எளிதான வழி ஒன்று இருந்தது. அடுத்த சாமானைத் தொடாமல் விட்டுவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது சமையலறைத் தட்டு அடுக்கு. அவர் விரிப்பைப் போர்த்திவிட்டுப் போனார். அவள் தொடவில்லை. சனிக்கிழமை முழுக்க அதற்குப் பக்கத்தில் தும்மக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கணவர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமி விரிப்பை உருவினார். விரிப்போடு அடுக்கும் வந்துவிட்டது. மேல் தட்டு நடுத் தட்டில் விழுந்தது, நடுத் தட்டு கீழ்த் தட்டில் விழுந்தது, கடைசியில் ஒரு பலகை மட்டும் கூடத்தைக் கடந்து போய் அக்காவின் காலடியில் நின்றது.

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "இப்பதான்டா எனக்கு நிம்மதி. எங்க தம்பியைக் காணோமேன்னு இருந்தேன்" என்றாள்.

கணவர் குவிந்து கிடந்த பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போன ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவள் குனிந்து ஒரு பலகையை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். ஆனாலும் ஒருவழியாக ஆபத்து நீங்கிவிட்டது, இனி ரம்பத்தைத் தூக்கிப் பரணில் போடுவார் என்று தேற்றிக்கொண்டாள்.

"புரிஞ்சுபோச்சு" என்றார் கணவர். "திறமையில குறை இல்ல. நேரம்தான் இல்ல. ஆபீசுக்கும் போய்க்கிட்டு அரைமனசா செஞ்சா இப்படித்தான் ஆகும். கடிதம் எழுதிக் குடுத்துட்டு முழு நேரமா இறங்கிட வேண்டியதுதான்."

அக்காவின் சிரிப்பு நின்றது. மனைவி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நன்றாக வந்தால் திறமைக்காக வேலையை விடுவார். உடைந்தால் பயிற்சிக்காக விடுவார். வங்கியில் இத்தனை வருஷ அனுபவத்தில் இரண்டு பக்கமும் செலவாகிற கணக்கை அவள் பார்த்ததில்லை.

அக்கா தன் பங்குக்குத் திட்டிவிட்டுப் போனாள். மனைவி அழுது பார்த்தாள். மகள் மட்டும் அப்பாவின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் கணவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, ஒண்ணு சொல்றேன். கடைசியா ஒரு துணி அலமாரி. ஆளுயரம், ரெண்டு கதவு. உன் புடவையெல்லாம் பெட்டியில மடிஞ்சு கிடக்கு, அதுக்கும் ஆச்சு. அது மட்டும் நேரா நின்னுட்டா என் ஆசை தீர்ந்துடும். அப்புறம் ரம்பத்தைத் தொட மாட்டேன், ஆபீசோட இருந்துடறேன்."

"நிக்கலன்னா?"

"கத்துக்க நேரம் வேணும்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நிக்கும்."

"எப்படிச் சொல்ற?"

"மனசு சொல்லுது."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்று கணவர் புத்தகத்தைப் பிரித்தார்.

இந்தத் தடவை அவர் பெட்டிப் பலகை பொறுக்க ஆரம்பிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. பெரிய சாமான், நாளாகும். செவ்வாய்க்கிழமை வங்கியிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனாள். அவசரத்துக்கு வைத்திருந்ததில் மிச்சம் முழுவதும் கைப்பையில் இருந்தது. தச்சர் நீளமான பலகை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார், சீவல் சுருள்சுருளாகக் காலடியில் விழுந்தது. நல்ல மரம். யாரோ கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

நடந்ததையெல்லாம் சொன்னாள். முதல் தடவையாகக் காரணத்தையும் சொன்னாள். கணவரின் வேலையே இதில்தான் இருக்கிறது, கதவு திறந்தால் சத்தம் வரக் கூடாது, சுவர் இடிந்தாலும் அலமாரி நிற்க வேண்டும் என்றாள். தச்சர் இழைப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"நாளைக்கு அவர் ஆபீஸ் போனதும் வீட்டுக்கு வந்துடுங்கண்ணே. சுவரைப் பார்த்து அளவு எடுத்துக்கலாம்."

தச்சர் இழைப்புளியை ஓரமாக வைத்துவிட்டுக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"அளவெல்லாம் சார் நேத்தே வந்து குடுத்துட்டாரும்மா, எப்பவும் போல. கண்ணாடியைக் கதவுக்கு உள்பக்கம் மாட்டணுமா வெளிப்பக்கம் மாட்டணுமான்னு மட்டும் உங்களைக் கேட்டுக்கச் சொன்னாரு."