பச்சை வைரத்தைக் காய்ச்சி எடுத்த கதை

இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காததை விளக்குவார்கள். கேட்பவர் கொட்டாவி விட்டால், சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று முதலில் இருந்து ஆரம்பிப்பார்கள். அந்த வியாதி எனக்கு முற்றிப்போயிருந்த சமயத்தில்தான் கல்யாணம் நிச்சயமானது. அந்தக் கல்யாணத்தை என் வாயாலேயே ஏறக்குறையக் கலைத்தேன். பிறகு என் புத்தியாலேயே ஒரு நல்ல வைரத்தைப் பாழாக்கினேன். முதல் காரியத்துக்குத் திட்டு விழுந்தது, நியாயம். இரண்டாவது காரியத்துக்கு இன்றுவரை பாராட்டு விழுந்துகொண்டிருக்கிறது. என் வயிற்றெரிச்சல் அந்தப் பாராட்டின் மேல்தான்.

எனக்கு ஊர் மார்க்கையன்கோட்டை. அப்பாவுக்குக் கொஞ்சம் நெல்வயல், கொஞ்சம் திராட்சைப் பந்தல். நான் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சின்னமனூரில் ஒரு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சரவணனுக்கு மயிலாடும்பாறை. ஆனால் ஆறு வருஷமாக சூரத்தில் வேலை. மேசையில் வைரங்களைக் கொட்டி, பூதக்கண்ணாடி வைத்துத் தரம் பிரிக்கிற வேலை. நிச்சயத்தன்று என் கையில் ஒரு மோதிரத்தைக் கொடுத்தார். கல் சின்னதுதான், ஆனால் பச்சை. மரகதத்தின் அடர்த்தியான பச்சை இல்லை, நாற்று வேர் பிடித்துத் தலைதூக்கும் பருவத்து இளம்பச்சை. எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. (எனக்குப் பேச்சு வராமல் இருப்பது எங்கள் வீட்டில் செய்தி.)

உடனே போட்டுக்கொள்ள முடியாது. வைரம் வந்தால் மூன்று நாள் சாமி அறையில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வீட்டில் நல்லது நடந்தால் கல் ஒத்துக்கொண்டது, கெட்டது நடந்தால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாத கல்லைக் கடைக்காரரே மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்வார். சரவணன் சூரத்துக்கு ரயிலேறிவிட்டார். மோதிரம் சாமி அறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

முதல் நாள் மிக்சி புகைந்தது. அந்த மிக்சி என் அண்ணன் காதுகுத்துக்கு வந்த சீர். அது புகைய வைரம் எதற்கு? இரண்டாம் நாள் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியது. நிச்சயத்தில் மிஞ்சிய லட்டுகளை யார் காலி செய்தது என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், திராட்சை பூவெடுக்கிற நேரம் பார்த்து மழை கொட்டியது. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத்தான் கொட்டியது. எங்கள் சாமி அறையில் இருந்த ஒரு பொட்டுக் கல் தேனியில் இருந்து கூடலூர் வரை மழையை வரவழைத்தது என்று எங்கள் அம்மா நம்பினார். சொல்லும்போதே எனக்கு இப்போதும் காது சூடாகிறது.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் என் வருங்கால மாமியார், அதாவது அத்தை, விஷயம் விசாரிக்க வந்தார். நடந்ததையெல்லாம் அம்மா ஒப்பித்தார். அத்தை மோதிரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“வைரம்னா வெள்ளையாத்தான இருக்கும். இது என்னத்தா பச்சையா இருக்கு? எம் மகனை எவனோ நல்லா ஏமாத்திருக்கான்.”

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஆறு வருஷமாகக் கல்லைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட மனிதரை ஏமாளி என்றால் எப்படி விடுவது? அத்தையை உட்காரவைத்து ஆரம்பித்தேன்.

வைரம் என்பது கரி அணுக்கள் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருக்கும் கூட்டம். மண்ணுக்கடியில் அதற்குப் பக்கத்தில் யுரேனியம் கலந்த பாறை இருந்தால், அதிலிருந்து வரும் கதிர் சில அணுக்களை இடித்து இடத்தைவிட்டுத் தள்ளிவிடும். அப்படிக் காலியான இடங்கள் வெளிச்சத்தில் இருக்கிற சிவப்பை விழுங்கிக்கொள்ளும். மிச்சம் நம் கண்ணுக்குப் பச்சையாக வரும். (பச்சைக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றையும் சொன்னேன். சொல்லாமல் விடுவேனா?) பூமி ஆற அமர யுகக்கணக்கில் செய்வதை மிஷினில் வைத்துச் சீக்கிரமே செய்துவிடவும் முடியும். நமக்கு வந்திருப்பது அந்த வகை, சரவணன் அதைச் சொல்லித்தான் கொடுத்தார், ஏமாறவில்லை. இத்தனையும் சொல்லி, வகுப்பை முடிக்கிற தோரணையில், “ஆக, எல்லாம் கதிர்வீச்சோட வேலை அத்தை” என்றேன்.

அப்பா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தார்.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை அப்படிச் சாதாரணமாகப் போட முடியாது. மலையைக் குடைந்து உள்ளே ஆய்வுக்கூடம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது ஊர் ஊராகக் கூட்டம் போட்டவர்கள் நாங்கள். அதில் கதிர்வீச்சு வருமா வராதா என்று டீக்கடைக்கு டீக்கடை தகராறு. ஊர்வலத்தில் பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் என் அப்பா.

“ஊருக்குள்ள அது வரக்கூடாதுன்னு வெயில்ல நடந்தவன் நான். நீ அதை விரல்ல மாட்டிக்கிட்டுத் திரியப் போறியா?” என்றார்.

“அப்பா, அந்தக் கல்லுல இருந்து எதுவும் வராது. வெயில்ல நின்னு கறுத்தவன் உடம்புல இருந்து வெயிலா அடிக்குது?”

நல்ல உதாரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள். அத்தை அதற்குள் மோதிரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ ஓடிவிட்டார். திரும்பி வந்து தீர்ப்பைச் சொன்னார்.

“எனக்குப் பேரன் பேத்தி நல்லபடியா பொறக்கணும். அந்தக் கல்லு போகட்டும். அதுக்கப்புறம் முகூர்த்தத்தைப் பத்திப் பேசுவோம்.”

சாமி அறையில் இருந்த மோதிரம் எவர்சில்வர் தூக்குவாளிக்குள் போய், மூடி போட்டு, தோட்டத்து மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்தது. நான் சரவணனுக்குப் போன் போட்டேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“திருப்பிக் குடுக்கணும்னா குடுங்க. ஆனா நான் பாத்துப் பாத்து எடுத்தது அது. அதுவே வேணாம்னா, நான் எடுத்து வந்து குடுக்குற எதுதான் அந்த வீட்டுல வேணும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லைத் திருப்பினால் அவர் மனசு விட்டுப்போகும். வைத்துக்கொண்டால் அத்தை முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார். இடையில் மாட்டிக்கொண்டு முழித்தது நான்தான். அவரை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும்.

ஒரு முடிவுக்கு வந்தேன். மோதிரத்தை நானே போட்டுக்கொண்டு ஒரு மாதம் எல்லார் கண் முன்னாலும் நடமாடுவது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்த்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்களா? மோட்டார் ரூமுக்குப் போய் வீரமாகத் தூக்குவாளியைத் திறந்து மோதிரத்தை எடுத்தேன். விரல் கணுவைத் தாண்டி அது இறங்க மறுத்தது. அந்த மனிதர் கல்லைப் பார்த்துப் பார்த்து எடுத்தார், விரலைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை தேனிக்கு பஸ் ஏறினேன். எங்களுக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் அங்கே சின்னதாக நகைப்பட்டறை வைத்திருந்தார். மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பெரிசாக்கணும்னா வெட்டி ஒட்டு வச்சு ஊதணும்மா. கல்லைக் கழட்டி வச்சிட்டுத்தான் சூடு காட்டணும். திங்கக்கெழமை வாங்க.”

“திங்கக்கிழமை ஸ்கூல் இருக்கு. கல்லோடயே ஊதுங்க.”

“வேணாம்மா. நான் வெள்ளை வைரம் பாத்திருக்கேன். பச்சையில பாத்ததில்ல. தெரியாத கல்லுக்கு நெருப்புக் காட்டக் கூடாது.”

அவர் எட்டாம் வகுப்பு. நான் எம்.எஸ்ஸி. அந்த வாரம் முழுக்க ஒருவரும் என் பேச்சைக் கேட்காத கோபமெல்லாம் அந்தப் பாவப்பட்ட மனிதர் மேல் இறங்கியது.

“ஏங்க, வைரம் பொறந்ததே பூமிக்கடியில ஆயிரம் டிகிரி சூட்டுல. உங்க ஊதுகுழாய் அதை என்ன பண்ணிரும்? நீங்க ஊதுங்க, நான் சொல்றேன்.”

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். கல்லைச் சுற்றி ஏதோ ஈரப்பசையை அப்பினார். ஊதினார்.

முதலில் பச்சை லேசாக மங்கியது. சூட்டில் அப்படித்தான் தெரியும், ஆறினால் சரியாகிவிடும் என்று அவருக்கே ஆறுதல் சொன்னேன். ஆறியது. சரியாகவில்லை. குண்டூசித் தலை அளவு கருப்பட்டித் துண்டை யாரோ மோதிரத்தில் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது.

பத்தர் ஊதுகுழாயைக் கீழே வைத்தார். “நான் சொன்னேன்ல” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கூலியும் வாங்க மறுத்துவிட்டார். அது அதைவிடக் கேவலமாக இருந்தது.

தேனி பஸ் ஸ்டாண்டில் பைக்குள் துழாவியபோது மோதிரப் பெட்டி கையில் பட்டது. பெட்டிக்குள் மடித்துவைத்த ஒரு தாள். கல்லோடு வந்த தாள், அதுவரை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சூடு காட்டக் கூடாது, நிறம் மாறிவிடும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அப்புறம் மண்டையில் எல்லாம் வரிசையாக உறைத்தது. கம்பம் பஸ் காலியிடங்களோடு கிளம்பினாலும் குலுங்கக் குலுங்க ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்து இடமெல்லாம் மாறிவிடும் இல்லையா? அப்படித்தான். சூடு பட்டால் வைரத்தில் இருக்கிற அந்தக் காலி இடங்கள் நகரும், நிறம் மாறும். வைரத்துக்கு ஒன்றும் ஆகாது. பச்சைக்குத்தான் ஆகும். இதை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கே பாடம் எடுத்தவளுக்கு, தேவைப்பட்ட ஒரே ஒரு வரி தேவைப்பட்ட நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அந்த பஸ் ஸ்டாண்டில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளாததற்குக் காரணம், தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள் என்பதுதான்.

பஸ்ஸில் இருந்தே சரவணனுக்குச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மோதிரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். சின்னமனூர் வரும்வரை பதில் இல்லை. அப்புறம் போன் வந்தது.

“ஆறு வருசமா வெள்ளைக் கல்லுலயே முழிச்சுக்கிட்டு இருந்தேன். ஒருநா இது வந்துச்சு. நம்ம வயலு ஞாபகம் வந்திருச்சு. சரி, போகட்டும்” என்றார். பிறகு, “நீங்க அந்தத் தாளைப் படிச்சீங்களா?”

“இப்பத்தான்.”

அந்தப் பக்கம் சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே அத்தை. முடிவு கேட்க வந்திருந்தார். நான் மோதிரத்தோடு கையை நீட்டினேன். அத்தை தொடாமல் குனிந்து பார்த்தார்.

“பச்சையைக் காணோமே.”

“பத்தர்கிட்டச் சூடு காட்டினேன் அத்தை. போயிருச்சு.”

அத்தை நிமிர்ந்தார். முகம் பளிச்சென்று மலர்ந்தது. “கதிரு பட்டுத்தான பச்சைன்னு அன்னைக்குச் சொன்ன? அப்ப பச்சை போனா கதிரும் போச்சுன்னுதான அர்த்தம்? ஏத்தா, காச்சி எடுத்துட்டியா அதை?”

தர்க்கமாகப் பார்த்தால் எங்கள் வீட்டில் என் பாடத்தை ஒழுங்காகக் கவனித்தவர் அத்தை ஒருவர்தான். கவனித்து, அட்சரம் பிசகாமல் தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டு, “என் மக படிச்சது வீண் போகல” என்றார். ராத்திரி சரவணனிடம், உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். “கல்யாணம் முடியுற வரைக்கும் மட்டும் சொல்லாதீங்க” என்றார். அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. முழுங்கிக்கொண்டேன். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே. ஆண்டிபட்டி வரைக்கும் அத்தை பரப்பிவிட்டார். எங்கள் உறவில் யாராவது வைரத் தோடு வாங்கி வந்து மூன்று நாளில் வீட்டில் மிக்சி புகைந்தால், கல் கடைக்குத் திரும்பிப் போவதில்லை. நேராக என்னிடம் வருகிறது. “சும்மா ஒரு சூடு காட்டிக் குடுத்தா” என்று மூக்குத்தியை நீட்டுகிறார்கள். நான் அணு, கதிர், காலி இடம் என்று தொண்டை வற்ற விளக்குகிறேன். விளக்க விளக்க என் மேல் நம்பிக்கை கூடுகிறது. சூரத்தில் இருந்து வந்திருக்கும்போதெல்லாம் சரவணன் பக்கத்து அறையில் தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

போன மாதம் பொறுமை போய்விட்டது. ஓர் அம்மா கடமலைக்குண்டில் இருந்து தோட்டைத் துணியில் முடிந்து எடுத்து வந்திருந்தார். அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்து, இத்தனை வருஷம் முழுங்கியதையெல்லாம் கொட்டினேன். நான் எதையும் காய்ச்சி எடுக்கவில்லை, தாளைப் படிக்காத முட்டாள் நான், பத்தர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் உங்கள் மகன் ஆசையாக எடுத்த கல்லைக் கெடுத்தவள் நான், அந்தக் கல்லில் முதலிலும் விஷம் இல்லை, இப்போதும் இல்லை, எனக்கு ஒரு வைத்தியமும் தெரியாது. சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“பாத்தீகளா? எம்புட்டுப் படிச்ச புள்ள, கொஞ்சமாச்சும் பெருமை பேசுதா பாருங்க. நீங்க தோட்டைக் குடுத்துட்டுப் போங்க.”