ஒருவர் விடாமல்

"யாருன்னு மட்டும் சொல்லிடுங்க சார்," என்றார் தலைமை எழுத்தர்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்ல வேண்டாம்னு அவங்க கேட்டுக்கிட்டாங்க. ஆம்பளைங்க எல்லாரும் உங்களுக்கு சார். பொம்பளைங்கன்னா ஏய், இந்தாம்மா, பாப்பா. சாயங்காலத்துக்குள்ள அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுடுங்க. இல்லைன்னா புகாரை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்."

ஓய்வு பெறப் போகிற வருடம். இதுவரை அவர்மேல் ஒரு சொல் விழுந்ததில்லை. யாரென்று தெரியாவிட்டால் என்ன, எல்லோரிடமும் கேட்டுவிட்டால் போயிற்று என்று எழுந்தார்.

தட்டச்சு செய்யும் பெண்ணின் முன் கைகட்டி நின்றார். "மேடம், என்னை மன்னிச்சுடுங்க."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. "என்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்களா சார்?"

தற்காலிகப் பணி. திடீரென்று மரியாதை வந்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். அழுதே விட்டார்.

"அழாதே பாப்பா," என்று பதறிய தலைமை எழுத்தர், நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார்.

காசாளரின் கூண்டுக்குள் தலையை நீட்டினார். "உங்களை அம்மா அம்மான்னு கூப்பிட்டது தப்புதான்."

"ஏன், கிழவியாத் தெரியறேனா?"

"ஐயோ, இல்லக்கா."

"அக்காவா? உங்களுக்கா?"

கூண்டின் கதவு சாத்தப்பட்டது. வெளியே வரிசையில் நின்றவர்கள் அவரை முறைத்தார்கள்.

கடைசியில் எழுதுபொருள் அறை. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் காகிதக் கட்டுகளை அடுக்கியபடியே கேட்டுக்கொண்டார்.

"புகார் நான் குடுக்கலை சார்."

"அப்பாடா."

"குடுத்திருக்கலாம். தோணலை. பழகிப்போச்சு."

அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. தலைமை எழுத்தருக்குத்தான் சற்று நேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

மாலையில் வண்டி நிறுத்துமிடத்தில் மனைவி நின்றிருந்தார்.

"ஏய், ஏறு, நேரமாச்சு," என்ற தலைமை எழுத்தர் வண்டியைக் கிளப்பாமல் புலம்ப ஆரம்பித்தார். "ஒருத்தி அழறா, ஒருத்தி கதவைச் சாத்தறா. புகார் குடுத்தது யாருன்னே தெரியலை. எல்லா மேசைக்கும் போய் நின்னுட்டேன்."

"எல்லா மேசைக்குமா?"

"ஒருத்தர் விடாம."

மனைவி வண்டியில் ஏறவில்லை. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய், இடம் காலியானது.

"நானும் இதே ஆபீஸ்லதாங்க வேலை பார்க்கறேன். என் மேசைக்கு மட்டும் நீங்க வரலையே."