ஜிலேபி அண்ணன் படித்த தமிழ்

யாராலும் படிக்க முடியாத தமிழை மடமடவென்று படிக்கக்கூடிய மனிதர், மலேசியா முழுவதிலும் எங்கள் ஜிலேபி அண்ணன் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸ் அச்சகம் ஒன்றில் நான் பிழை திருத்துபவன். அவர் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவர். அப்போது தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தம் இஷ்டப்படி, கம்ப்யூட்டர் அடையாளம் காணும் எண்களில் வெவ்வேறாக உட்கார வைத்திருந்தார்கள். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் டாலர் குறியும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துமாகத் திரை முழுக்க நெளியும்.

"ஜிலேபி சுத்திட்டான்யா!" என்பார் அண்ணன். அதுவே அவருக்குப் பெயராயிற்று.

மூக்கு திரையில் இடிக்க உட்கார்ந்து அந்த நெளிவுகளை அப்படியே வாசிப்பார். கதை விடுகிறார் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் பெட்டாலிங் ஜெயாக்காரர் ஒருவர், மகளின் கல்யாணப் பத்திரிகை என்று டிஸ்க் கொண்டுவந்தார். அண்ணன் நாலு வரி பார்த்தார்.

"பாஸ், டிஸ்க் மாறிப்போச்சு லா. இது உங்க கோயில் கமிட்டிக் கடிதம். செயலாளர என்னென்னமோ திட்டியிருக்கீங்க."

மனிதர் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அன்றிலிருந்து நம்பினோம்.

அப்புறம் கிள்ளானிலிருந்து செல்லம்மா டீச்சர் வந்தார். ஓய்வுபெற்றவர். குழந்தைகளுக்காக நாலு வருடம் எழுதிய நாற்பது பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு, கையெழுத்துப் பிரதியைக் கிழித்துப் போட்டிருந்தார். மின்னல் தாக்கிக் கம்ப்யூட்டர் செத்தது; எழுத்துருவும் அதோடு போயிற்று. மிச்சம் ஒரே டிஸ்க். திறந்தால் ஜிலேபி.

அண்ணன் மூக்கை வைத்தார். முதல்முறையாக ஒரு வரிகூட அவருக்குப் பிடிபடவில்லை.

"இந்த ரகம் நான் பாத்ததே இல்ல, டீச்சர்."

டீச்சரின் கண் கலங்கியது. "அப்ப எல்லாம் போச்சா தம்பி?"

"யார் சொன்னா? முதப் பாட்டு மனப்பாடமா வருமா?"

டீச்சர் அச்சகத்தின் நடுவில் நின்று ஆமைப் பாட்டைப் பாடினார். அண்ணன் திரையில் விரலை ஓட்டினார். "இந்த நட்சத்திரம் 'ஆ'. இந்த டாலர் 'ம'..." பட்டியல் போட்டு, குறி குறியாக மொத்தக் கோப்பிலும் மாற்றினார். தமிழ் தெரிந்தது. டீச்சர் ஆவலோடு தலைப்பைப் படித்தார்.

"மாம்மா மாட்டு. யாரு தம்பி இந்த மாம்மா?"

'பாப்பா பாட்டு'தான் அது. எங்கள் எழுத்துருவில் 'ப' உட்கார்ந்த அதே எண்ணில்தான் டீச்சருடையதில் 'ம' இருந்தது. ஏற்கெனவே சரியாக வந்துவிட்ட 'ப'வையெல்லாம் அடுத்த மாற்றம் பிடித்து 'ம' ஆக்கியிருந்தது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாத்துனதையே திரும்ப மாத்திட்டேன்! முதல்ல ஒவ்வொரு குறிக்கும், ஆளுக்கொரு புது நம்பர் குடுத்துத் தனியா நிறுத்தணும். அப்புறம்தான் எழுத்தா மாத்தணும்."

"எங்க பள்ளிக்கூடத்துல விளையாட்டுப் போட்டிக்கு அப்படித்தான் நிறுத்துவோம்" என்றார் டீச்சர்.

டிஸ்க்கிலிருந்து மறுபடி முதலில் தொடங்கினார்கள். மூன்று நாள் டீச்சர் கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வந்து நினைவிலிருந்த வரிகளைப் பாட, அண்ணன் மீதிக் குறிகளைக் கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் நாற்பது பாட்டும் தமிழாக நின்றன. படித்துக்கொண்டே வந்த டீச்சர் ஓரிடத்தில் முகம் சுளித்தார்.

"இங்க ஒற்று விட்டுப்போச்சே!"

"அது நீங்க விட்டது, டீச்சர். உங்க எழுத்துல நான் கை வைக்க மாட்டேன்."

புத்தக வெளியீட்டில் பிள்ளைகள் ஒவ்வொரு பாட்டாகப் பாடினார்கள். கடைசி வரிசையில் ஜிலேபி அண்ணன் உட்கார்ந்து, ஒரு வரி பிசகாமல் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குக் கைதட்டவே மறந்துபோயிற்று.