சனிக்கிழமை பத்து மணிக்கு, சைக்கிளுடன்

"டிக்" என்றது.

துரி சைக்கிளை விட்டு இறங்கி, குனிந்து, பெடல் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். சத்தமில்லை. ஏறி ஒரு மிதி மிதித்தார்.

"டிக்."

"இந்த வாரம் பார்த்தா உனக்கு வரணும்?" என்று சைக்கிளிடமே கேட்டார்.

சுலாய் மலைக் கிராமத்துக்குத் தபாலையும் ஆட்களையும் ஏற்றிவருகிற தபால் பேருந்தை ஓட்டும் துரிக்கு அன்று காலைதான் ஊராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்த அலுவலகம் சொற்களைச் செலவழிக்கிற அலுவலகம் இல்லை. 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் மலைச்சைக்கிளுடன் பள்ளி வளாகத்துக்கு வரவும். பொருள்: பாதுகாப்பும் பராமரிப்பும்.' கீழே ஊராட்சித் தலைவி பார்லாவின் கையெழுத்து. அவ்வளவுதான்.

மனசில் ஒன்றும் இல்லாதவராக இருந்தால் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருப்பார். துரிக்கு மனசில் ஒன்று இருந்தது. பத்து நாளைக்கு முன்னால் கணவாயிலிருந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதையில், மணி அடிக்காமல், 'அல்லேக்ரா' என்று ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், பார்லாவின் மாமியாரை உரசுகிற மாதிரி பறந்து போயிருந்தார். கிழவி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். பேருந்தில் இருந்தால் வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கே அதிர ஹாரன் அடிக்கிற மனிதர்; சைக்கிளில் ஏறினால் மட்டும் எப்படி ஊமையாகிறார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

கணவாய்ப் பாதையில் சைக்கிள் விட, அங்குள்ள புல்வெளிகளைப் பார்த்துக்கொள்கிற மேய்ச்சல் சங்கம் வருஷாவருஷம் ஹேண்டில்பாரில் ஒட்ட ஒரு அனுமதி வில்லை கொடுக்கும். புகார் வந்தால் வில்லையைப் பிடுங்கிவிடும். எட்டு மாதம் பனி, நாலு மாதம் பாதை. அந்த எட்டு மாதத்தை துரி தள்ளுவதே இந்த நாலு மாதத்துக்காகத்தான்.

"ஆபீஸுக்குப் போய் எதுக்குன்னு கேட்டுட்டு வாயேன்," என்றாள் மனைவி உர்ஷ்லா.

"கேட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சைக்கிள்ல ஒரு குறை சொல்ல முடியாதபடி கொண்டுபோய் நிறுத்துறேன். அப்புறம் எந்த மூஞ்சியோட வில்லையைப் பிடுங்குறாங்கன்னு பார்க்கிறேன்."

"அதான் குறையே இல்லியே. நேத்து வாங்கின மாதிரி இருக்கு."

"டிக்குங்குதே!"

உர்ஷ்லா சொன்னதில் பொய்யில்லை. ஐந்து வருஷமாக அந்தச் சைக்கிளைப் பார்த்துக்கொண்டது மெக்கானிக் ஃப்ளுரின். துரி துணியால் துடைப்பார், காற்று பார்ப்பார், அதற்குமேல் விரல் வைத்ததில்லை. அந்த ஃப்ளுரின் இப்போது மூன்று வாரக் கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போய்விட்டான். கடைக் கதவில் ஒரு தாள் தொங்கியது: 'நாட்டைக் காக்கப் போயிருக்கிறேன். சங்கிலிக்கு நீங்களே எண்ணெய் போட்டுக்கொள்ளவும்.'

அதைப் படித்த துரிக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தோடு பக்கத்து வீட்டு லினார்டும் வந்தார். லினார்டுக்குக் குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற வேலை. கோடையில் அடுத்தவர் வேலையைக் கெடுக்கிற வேலை.

"எண்ணெய் போடு," என்று ஒரு ஸ்பிரே டப்பாவை நீட்டினார்.

"எங்கே போடுறது?"

"சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியுதா?"

"தெரியலை."

"அப்ப எல்லா இடத்துலயும் போடு."

போட்டார். சங்கிலி மினுமினுத்தது. பின்சக்கரத்து பிரேக் டிஸ்க்கும் சேர்ந்து மினுமினுத்தது. தெருச் சரிவில் இறங்கிப் பார்த்தபோது பிரேக்கைப் பிடித்தார். கன்று ஈனப் போகிற பசு மாதிரி ஒரு சத்தம் வந்தது, சைக்கிள் மட்டும் நிற்கவில்லை. உர்ஷ்லாவின் கீரைப் பாத்தியில்தான் நின்றது.

"பிரேக் பேடு எண்ணெய் குடிச்சிருச்சு," என்றார் லினார்ட், தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. "கழட்டி ஓவன் அடுப்புல சுட்டா எண்ணெயெல்லாம் பொசுங்கிடும்."

புதன்கிழமை மாலை உர்ஷ்லா சமையலறைக்குள் வந்து மூக்கைச் சுளித்தாள். "அடுப்புல என்ன வேகுது?"

"பிரேக்."

"ராத்திரிச் சாப்பாட்டுக்கா?"

"பத்து நிமிஷம்தான்."

"மேல் தட்டுல என்ன இருக்குன்னு பார்த்தியா?"

மேல் தட்டில், தேவாலய விற்பனைக்கு அவள் வைத்திருந்த வால்நட் கேக் இருந்தது. அந்தக் கேக் பிறகு விற்றுப்போகத்தான் செய்தது. வாங்கியவர்கள் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பேடுகள் ஆறுகிற வரை சும்மா இருக்க முடியாமல் துரி வெளியே போய் பிரேக் லீவரைப் பிடித்துப் பார்த்தார். பளக்கென்று பிரேக்குக்குள்ளிருந்து ஏதோ பிதுங்கி வந்தது. பின்னாலேயே பிரேக் எண்ணெய்.

"பேடு இல்லாம லீவரை அமுக்கினியா?" என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற லினார்ட்.

"ஒரு தடவைதான்." துரி கொஞ்சம் யோசித்தார். "நாலு தடவை."

பிதுங்கியதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உள்ளே தள்ளினார்கள். போன எண்ணெய்க்குப் பதில் லினார்ட் தன் பனி வண்டியின் பிரேக் ஆயிலைக் கொண்டுவந்தார்.

"இது சைக்கிளுக்கு ஆகுமா?"

"எட்டு டன் வண்டியையே நிறுத்துது. உன்னை நிறுத்தாதா?"

ஆகாது என்று அந்த லீவரிலேயே பொடி எழுத்தில் எழுதியிருந்தது. துரியின் மூக்குக்கண்ணாடி பேருந்தில் இருந்தது. விடிவதற்குள் உள்ளே இருந்த ரப்பரெல்லாம் ஊறி உப்பிவிட்டது. வியாழக்கிழமை காலை லீவரைப் பிடித்தால் வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி இருந்தது.

"இத்தோட விட்டுடு," என்றாள் உர்ஷ்லா. "கெஞ்சிக் கேட்கிறேன்."

"எடுத்ததைப் பாதியில விடுற ஆள் நான் இல்லை."

"அதான் பயமா இருக்கு."

வழிந்த எண்ணெயைப் போக்க லினார்டின் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பனி வண்டியைக் கழுவுகிற குழாய் அங்கே இருந்தது. அந்தத் தண்ணீர் அடித்தால் பாறையில் பாசி உரியும். சைக்கிள் பளிச்சென்று ஆனது; அச்சு, பேரிங், ஷாக் அப்சார்பர் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றுக்குள்ளும் தண்ணீர் போனது. இப்போது 'டிக்' தனியாக இல்லை. அதற்குத் துணையாகக் கரகரவென்று ஒரு சத்தம், மிதிக்கு மிதி.

வெள்ளிக்கிழமை லினார்ட் கடைசி யோசனையைச் சொன்னார். "எங்கேயோ லூசா இருக்கு. ஒரு போல்ட் பாக்கி விடாம இறுக்கிடு."

முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பானரையும் தந்தார். துரி பின்னாலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே ஹேண்டில்பாருக்கு வந்தார். கார்பன் இழையில் செய்தது, இறகு மாதிரி எடை.

"போதுமா?"

"இன்னும் அரைச் சுத்து. பாதுகாப்பு விஷயம் பாரு."

அரைச் சுற்று முடியவில்லை. 'க்ரக்' என்றது. ஹேண்டில்பாரில் மயிரிழையாக ஒரு விரிசல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு.

லினார்டுக்குத் திடீரென்று வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது.

சாயங்காலம் துரி வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். உர்ஷ்லா பார்லிக் கஞ்சி ஆறுகிறது என்று கூப்பிட, எழுந்தார்.

"டிக்."

"உட்காரு," என்றாள் உர்ஷ்லா. உட்கார்ந்தார். "இப்ப எழுந்திரு."

"டிக்."

"துரி, அது உன் முட்டி."

துரி சைக்கிளைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார். இரண்டில் எதைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"நாளைக்குப் போகாதே," என்றாள். "காய்ச்சல்னு நான் போய்ச் சொல்றேன்."

"இருபத்தாறு வருஷத்துல பனிப்புயலுக்குக்கூட ஒருநாள் பேருந்தை நிறுத்தினதில்லை. பத்து மணின்னா பத்து மணிக்கு அங்கே நிப்பேன்."

சனிக்கிழமை காலை ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஏறி ஓட்டவில்லை, பின் பிரேக் இல்லாத, ஹேண்டில்பாரில் விரிசல் விட்ட சைக்கிளில் ஏறக்கூடாது என்கிற அறிவு மிச்சம் இருந்தது. தள்ளிக்கொண்டு போனார். சைக்கிள் கரகரத்தது, முட்டி டிக்கியது, வழியெல்லாம் எண்ணெய் சொட்டியது. ஜன்னலுக்கு ஜன்னல் திரை விலகியது.

பள்ளி வளாகத்தில் பாதி ஊர் இருந்தது. பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேய்ச்சல் சங்கத்தார் இருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கேமராவோடு நின்றார். நடுவில் ஒரு மேடை, அதன்மேல் பச்சைத் துணி.

'ஒரு வில்லையைப் பிடுங்கறதுக்கு இவ்வளவு ஏற்பாடா?' என்று துரி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

கை நீட்டிக்கொண்டே சிரித்த முகமாக வந்த பார்லா, சைக்கிளைப் பார்த்ததும் நீட்டிய கையோடு நின்றுவிட்டாள். அவள் வாய் திறப்பதற்குள் துரி முந்திக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிடறேன். கணவாய்ப் பாதையில மணி அடிக்காம வந்தது தப்பு. உங்க மாமியாரை உரசிட்டு நிக்காமப் போனது அதைவிடத் தப்பு. அவங்க கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்கிறேன். வில்லையை இந்த வருஷம் எடுத்துக்கோங்க. அடுத்த வருஷமாவது திருப்பிக் கொடுத்துடுங்க, அது போதும்."

பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

"அது நீங்களா?" என்றாள் பார்லா மெதுவாக. "பத்து நாளா யாரோ சுற்றுலாக்காரன்னு நாங்க திட்டிட்டிருக்கோம்."

மேய்ச்சல் சங்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து ஹேண்டில்பாரிலிருந்த வில்லையை உரித்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார் துரி. "அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

கடிதத்தைத் தட்டச்சு செய்த குமாஸ்தா மெஞ்சியா, பச்சைத் துணி விரித்த மேடைக்குப் பக்கத்திலிருந்து பதில் சொன்னாள்:

"சைக்கிளை எப்படி வெச்சுக்கணும்னு பிள்ளைங்களுக்குக் காட்டத்தான்; பள்ளத்தாக்குலயே சுத்தமா பழுதில்லாம இருக்கிறது உங்களோடது ஒண்ணுதான்னு ஃப்ளுரின் சொல்லிட்டுப் போனானே!"