கப்பல் அண்ணையும் வேர்த்த வீடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பூஞ்சணத்தை நேருக்கு நேர் நின்று திட்டிய மனிதர் ஒருவர்தான். எங்கள் கப்பல் அண்ணை! வல்வெட்டித்துறைக்காரர். பாதி ஆயுளைச் சரக்குக் கப்பல்களில் கழித்துவிட்டு, மருதனார்மடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மறுபாதியில் குடியிருந்தார். கிணற்றடிக்குப் போவதென்றாலும் "புறப்படுறன்!" என்று அறிவித்துவிட்டுத்தான் போவார்.

வீட்டுக்காரர் கனடாவில். அங்கே கண்டதை அப்படியே இங்கே கட்டியிருந்தார். சமைக்கிற குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவரில்லை. குசினி யன்னல் திறக்கவே முடியாத முழுக் கண்ணாடி. மருதனார்மடத்தில் பனி கொட்டினால் ஒரு பொட்டு உள்ளே வராது! ஆனால் வந்தது மாரி. கண்ணாடி வேர்த்தது, சுவர் வேர்த்தது, அலுமாரிக்குள் என் கலியாண வேட்டி பச்சையாகப் பூத்தது.

வேட்டி போனால் போகட்டும். மூன்று வயது மகளுக்கு முட்டு இழுக்கத் தொடங்கியது. இரவிரவாக மூச்சுக்குப் பாடுபட்டாள். "அறை காயாட்டில் வீட்டை மாத்துங்கோ" என்றார் டொக்டர். கொட்டுகிற மழையில் எந்த வீட்டைத் தேடுவது?

விஷயம் கப்பல் அண்ணையின் காதுக்கு எட்டியது. வந்தார், மகளின் அறைச் சுவரை மோந்து பார்த்தார், விரலை நீட்டி அதை எச்சரித்தார்.

"உன்னை நான் விடமாட்டன்!"

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "தம்பி, கப்பலிலை சரக்கு வேர்த்தால் காத்து விடுவம். திறவும் எல்லா யன்னலையும்!"

குசினிக் கண்ணாடியைத் தவிர எல்லாம் திறந்தோம். பின்னேரம் வாடைக்காற்று மழையைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தது. மெத்தையில் மீன் வளர்த்திருக்கலாம்.

மனிதர் அசரவில்லை. அடுத்தது வினாகிரி. போத்தல் போத்தலாக வாங்கிவந்து சுவரெல்லாம் தேய்த்தார். பக்கத்து வீட்டு அக்கா புளிப்பு மணம் பிடித்துக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "அச்சாறு போட்டனீங்களோ? கொஞ்சம் தாங்கோவன்." பூஞ்சணம் அடுத்த கிழமையே குடும்பத்தோடு திரும்பி வந்தது.

ஒருநாள் காலை என் மனைவி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். ஆவியையே பார்த்துக்கொண்டு நின்ற கப்பல் அண்ணை திடீரென்று அதன் பின்னால் ஓடத் தொடங்கினார். கூடத்தைத் தாண்டி நேரே மகளின் அறைக்கு!

"பிடிச்சிட்டன்! கள்ளனைப் பிடிச்சிட்டன்! காலமை புட்டு, பின்னேரம் இடியப்பம். ஆவி வெளியிலை போக வழியில்லை. பிள்ளையின்ரை அறைச் சுவரிலை போய்ப் படுக்குது!"

"அப்ப, அண்ணை, புட்டு அவிக்கக் கூடாதோ?" மனைவி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"புட்டை நிப்பாட்டச் சொல்ல எனக்கென்ன விசரோ, பிள்ளை?"

சொன்னவர் எங்கிருந்தோ சுத்தியலை எடுத்தார். நான் "அண்ணை!" என்று கத்தி முடிக்குமுன் குசினிக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா கனடாவிலிருந்து வீடியோ அழைப்பு வர வேண்டும்?

"அதென்ன சத்தம்? ஐயோ, என்ரை கண்ணாடி எங்கை?"

கப்பல் அண்ணை என் கையிலிருந்து கைபேசியைப் பறித்தார்.

"நிலத்திலை கிடக்குது. உடைச்சது நான். வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் நான் எழும்புறன். இவையை ஒண்டும் சொல்லாதையும். உந்தக் குஞ்சுக்கு மூச்சு முட்டுது."

வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"இஞ்சை நான் புட்டு அவிச்சாலும் கூரையிலை இருக்கிற புகை மணி அடிக்குது, அண்ணை. அதிலை திறக்கிற யன்னல் ஒண்டு போடுங்கோ."

யன்னல் வந்தது. ஆவி வெளியே போனது. சுவரைச் சுரண்டிக் காயவிட்டோம். தை பிறந்து வெயில் வந்ததும், பொட்டுப் பூஞ்சணம் இல்லாத சுவரைக் காட்ட மனைவி கப்பல் அண்ணையைக் கூப்பிட்டாள். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. நிலத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, அவள் முதுகில் காதை வைத்தார். நெடுநேரம் கேட்டார்.

"ஓம், காய்ஞ்சிட்டுது" என்றார் மெதுவாக.

மகளுக்கு அது புது விளையாட்டு. சுற்றிப் போய் அவருடைய முதுகில் தன் காதை வைத்தாள். கப்பல் அண்ணை அசையவே இல்லை, அவள் கேட்டு முடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல வீடுகள் வாடகைக்கு வந்தன. அந்த மனிதரை விட்டுப் போக எங்களுக்கு மனமே வரவில்லை.