முதலாளி வீட்டுப் பின்புறம் நின்ற என் புள்ளி

என் மூளையை நான் முழுசாகப் பயன்படுத்தியது வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான். அன்றைக்குத்தான் வேலை போகப் பார்த்தது.

குலசேகரத்தில் ரப்பர் பால் வாங்கும் கம்பெனி ஒன்றில், தோட்டம் தோட்டமாகச் சுற்றும் வேலை எனக்கு. கல்யாணமாகி நாலு மாதம். (மாமனாரிடம் 'ஆபீசர்' என்று சொல்லி வைத்திருந்தேன்.) முதலாளி எங்கள் ஆறு பேர் போனிலும் ஒரு ஆப் போட்டுவிட்டார். அவர் மேசைக் கம்ப்யூட்டரில் நாங்கள் நாள் முழுக்கப் புள்ளிகளாக ஊர்ந்தோம். புள்ளி நின்றால் போன் வரும்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் பன்னெண்டு நிமிசம் எதுக்குலே நின்ன?"

"வயிறு செரியில்ல மொதலாளி."

"அதுக்குப் பன்னெண்டு நிமிசமா?"

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது.

அப்புறம் மழை பிடித்தது. மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட மாட்டார்கள்; தோட்டத்தில் ஒரு ஆள்கூட இருக்காது. ஆனாலும் புள்ளி நகர வேண்டுமாம். குளச்சலிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் மைக்கேல் அண்ணன், மழையோ வெயிலோ, எங்கள் வட்டாரம் முழுக்க வீடு வீடாகப் போவார். போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அவருடைய மீன் பெட்டிக்குள் சொருகிவிட்டு, வீட்டுக்கு வந்து போர்த்திப் படுத்தேன். முதலாளி வீட்டிலும் மீன் வாங்குவார்கள் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

பதினொரு மணிக்கு என் மனைவி போனில் முதலாளி. "அவன எனக்க வீட்டுக்கு வரச் சொல்லு."

நனைந்துகொண்டே ஓடினேன். அடுக்களைக்கு வெளியே மைக்கேல் அண்ணன் விளமீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முதலாளியின் மனைவி. முதலாளி கையில், செதில் ஒட்டிய என் போன். அவர் எனக்கு ரிங் அடித்தபோது மீன் பெட்டி ஞாயிறு ஆராதனைப் பாட்டு பாடியதாம்.

"இருவது நிமிசமா உனக்க புள்ளி எனக்க வீட்டுக்குப் பொறத்த நிக்குது. இவளுக்க புள்ளியும் அங்கதான் நிக்குது. நான் என்னலே நெனைக்கணும்? நாளையிலேருந்து நீ வேலைக்கு வரண்டாம்."

மாமனாரின் முகம் கண்முன் வந்து போனது.

"எனக்க புள்ளியா?" என்று முதலாளியம்மா மெதுவாகக் கேட்டார்.

முதலாளி வாயை மூடிக்கொண்டார். அதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

"எனக்க போன்லயும் அத வச்சிருக்கியளா?"

மைக்கேல் அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

"சும்மா ஒரு பாதுகாப்புக்கு..." என்று இழுத்தார் முதலாளி.

"நான் சர்ச்சுக்குப் போறதையும், எனக்க அம்மைக்க வீட்டுக்குப் போறதையும் ஆபீசுல இருந்து பாத்துட்டு இருந்திய. இந்தப் பயலுக்கு மழையில என்ன வேல இருக்கு? அவன் ஜோலியில நிக்கட்டும். எல்லா போன்லயிருந்தும் அது போன பெறவு நான் அடுப்பு பத்த வைக்கேன்."

மத்தியானத்துக்குள் ஏழு போனிலும் அது இல்லை. முதலாளி தன் கையாலேயே அழித்தார். ஆபீசில் எனக்கு மாலை போடாத குறைதான். கொடி பிடிக்காமல், கோஷம் போடாமல், போர்வைக்குள் கிடந்தே ஒரு போராட்டத்தில் ஜெயித்த தொழிலாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த ஜம்பம் இன்னும் குறையவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. நான் வீடு திரும்ப நேரமானால் என் மனைவி இப்போதும் 'எங்க நிக்கிய?' என்று கேட்பதில்லை. "இன்னைக்குப் பெட்டியில என்ன மீனு?" என்றுதான் போனில் கேட்கிறாள். நானும் 'சாளை' என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் நிதானமாக இன்னொரு டீ சொல்வேன்.