ஓலாவுக்கு ஒரு வாடகைக் கார்

"கார் இருக்கணும் பரமசிவம். ஆனா ஓடக் கூடாது."

மேனேஜர் ஸ்ரீநிவாசன் இதைச் சொன்னபோது, பரமசிவத்தின் கையில் வாடகைக் கார் ஒப்பந்தம் இருந்தது. கையெழுத்து வாங்கத்தான் வந்திருந்தார். ஆறு மாதத்துக்குக் கார். டிரைவர் கிடையாது.

"புரியலீங்க சார்."

"ஓலாவ் நேத்து நார்வேலேர்ந்து வந்து இறங்கிட்டார் இல்லையா? ஆறு மாசம் இங்கதான். டிரைவர் வேண்டாம், நானே ஓட்டிப்பேன், முப்பது வருஷமா ஓட்டறேன்னு அவங்க ஹெட் ஆபீஸ்ல சண்டை போட்டு சாங்ஷன் வாங்கிட்டு வந்திருக்கார். கஸ்டமர். முடியாதுன்னு நாம சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க சார்."

"நம்ம ரோட்டுல அவர் ஓட்டி யாரையாவது இடிச்சாலோ, அவரை யாராவது இடிச்சாலோ ப்ராஜெக்ட் என்ன ஆகும்?"

"போயிருமுங்க சார்."

"அவ்வளவுதான். கார் வாசல்ல நிக்கட்டும். ஓட வேண்டாம்."

"அதெப்படிங்க சார்?"

"அதுக்குத்தானே அட்மின்னு ஒரு டிபார்ட்மென்ட்? மாசக் கடைசியில உங்க கன்ஃபர்மேஷன் வருது. ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இல்லாமலா? வேலை நிரந்தரமாகும் என்று நம்பித்தான் பரமசிவம் கோயம்புத்தூரைக் காலி செய்துகொண்டு ஐந்து மாதங்களுக்கு முன் புனே வந்திருந்தார். மகள் ப்ரீதிக்குப் பள்ளியில் இடம் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஹிஞ்சேவாடியில் வேலை, ஔந்த்தில் வீடு. அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில்தான் கம்பெனியின் விருந்தினர் ஃப்ளாட். அதில்தான் இப்போது ஓலாவ்.

ஓலாவ் ஆறடி நான்கு அங்குலம். கார்களின் பிரேக்குக்கு மென்பொருள் எழுதுகிறவர். ஒரு கார் எங்கே, எப்படி நிற்க வேண்டும் என்பதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஹிஞ்சேவாடியில் யாரும் இல்லை என்று ஆபீசில் பேச்சு.

அன்று மாலையே போபோடியிலிருந்து தங்கராஜ் காரைக் கொண்டுவந்து விட்டார். சிவப்பு மாருதி. வாடகைக் கார் கம்பெனிக்குத் தங்கராஜே முதலாளி, தங்கராஜே மெக்கானிக். இரண்டு தலைமுறையாகப் போபோடியில் இருக்கிற தமிழ்க் குடும்பம்.

"பக்கா வண்டி சார். ஆறு மாசத்துக்கு பானட்டத் தொறக்கவே வேணாம்."

ஓலாவ் காரை இரண்டு முறை சுற்றி வந்தார். கூரையைத் தொட்டுப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே ஒரு டெம்போவும் மூன்று ஆட்டோவும் ஒரே இடைவெளிக்காக முட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "நாளை காலை எட்டு மணிக்கு நானே ஓட்டிப் போகிறேன்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு, காரின் மாற்றுச் சாவியோடு, பால் வாங்கப் போகிற பாவனையில் பரமசிவம் கீழே இறங்கினார். மோட்டார் தொழில் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பேட்டரி வயரைக் கழற்றினால் வண்டி கிளம்பாது. கழற்றினார். கிளம்பவில்லை.

எட்டு மணிக்கு ஓலாவ் நாலு முறை சாவியைத் திருப்பினார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். பரமசிவத்துக்குப் பாவமாக இருந்தது.

"மன்னிக்கணும். இன்னிக்கு ஒரு நாள் என் ஸ்கூட்டர்ல வந்துருங்க" என்றார்.

ஓலாவின் முழங்கால்கள் ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. சிக்னலில் நின்றபோது இடது முழங்காலில் ஒரு காய்கறிக்காரர் பையை மாட்டப் பார்த்தார். வாகட் வளைவில் எதிரே ஒரு லாரியும், அதை முந்திக்கொண்டு ஒரு பஸ்ஸும், பஸ்ஸை முந்திக்கொண்டு எருமை ஒன்றும் வந்தபோது, ஓலாவ் இரண்டு கைகளாலும் பரமசிவத்தின் தோளைப் பிடித்தார். அந்தப் பிடி ஹிஞ்சேவாடி கேட்டில்தான் விட்டது.

பத்தரைக்குத் தங்கராஜ் போன் செய்தார். "பேட்டரி வயர் டீலா, லூசா இருந்துச்சு சார். அவ்ளோதான். முடுக்கிட்டேன். இனிமே ஜென்மத்துக்கும் கழலாது."

அதனால் அடுத்த நாள் பரமசிவம் கைக்கு அகப்பட்ட ஒரு ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுபடி பெருமூச்சு, மறுபடி ஸ்கூட்டர். பத்தரைக்கு மறுபடி தங்கராஜ்.

"சார், ஃபியூஸக் காணோம். அதோட ப்ளக் வயர் ரெண்டும் இடம் மாறிக் கெடக்குது."

பரமசிவம் ப்ளக் பக்கமே போகவில்லை. 'வேலையைப் பெரிசாக் காட்டறதுக்குக் கூட ஒண்ணு சேர்த்துச் சொல்றான்' என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார். ஒரு டயரில்தான். தங்கராஜ் வந்து பார்த்தபோது இரண்டில் காற்று இல்லை.

"இது ரோட்டோட கோளாறு இல்ல சார். யாரோ எனக்கு வேணும்னே பண்றாங்க" என்றார் தங்கராஜ். சிவப்புக் காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வெள்ளையில் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். முன் பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார். போகும்போது பரமசிவத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் சார் கொஞ்சம் பாத்துக்கணும். உங்களத்தான் நம்பறேன்."

பரமசிவம் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை துணி துவைக்கும்போது மனைவி சாவித்ரி கையில் ஃபியூஸ் அகப்பட்டது.

"ஏனுங்க, இதென்னதுங்க உங்க பாக்கெட்டுல?"

பரமசிவம் முதலில் ஆபீஸ் சாமான் என்றார். பிறகு ரேடியோ சாமான் என்றார். சாவித்ரி இடுப்பில் கை வைத்தவுடன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"பாவமுங்க அந்த மனுசன்! பொண்டாட்டி புள்ளைய உட்டுப்போட்டு கண்காணாத தேசத்துல வந்து கெடக்கறாரு. ஒரு காரு ஓட்டோணும்னு ஆசைப்பட்டது குத்தமா?"

"என்ற வேலை என்னாகறது?"

"அதுக்காக? பண்ணுன பாவத்துக்கு நாலு இட்லியாச்சும் போடுங்க."

அன்றிலிருந்து ஓலாவுக்குக் காலைச் சாப்பாடு பரமசிவம் வீட்டில். நாலு இட்லி என்பது இரண்டாம் நாள் எட்டாயிற்று, நாலாம் நாள் பதினொன்று. தேங்காய்ச் சட்னியைக் கிண்ணத்தோடு வாயில் கவிழ்த்துக்கொண்டார். ப்ரீதிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பின்பு, 'இன்றைக்காவது கிளம்புமா பார்ப்போம்' என்று கீழே போய்ச் சாவியைத் திருப்புவார். கிளம்பாது. பெருமூச்சு விட்டு, பின் சீட்டில் ஏறி, தோளைப் பிடித்துக்கொள்வார்.

இட்லி ஏற ஏற ஓலாவின் எடையும் ஏறியது. மூன்றாவது வாரம் ஸ்கூட்டரின் பின்பக்க ஸ்பிரிங் உடைந்தது. நாலாவது வாரம் பரமசிவத்தின் முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஓட்டினார். கழற்றுகிற வேலையும் சுளுவாக இல்லை. தினம் ஒரே சாமானைக் கழற்றினால் தங்கராஜுக்குச் சந்தேகம் வரும். பழைய புத்தகக் கடையில் 'கார் பராமரிப்பு' என்று ஒரு புத்தகம் வாங்கி, கழிவறையில் உட்கார்ந்து படித்தார்.

"என்னோட இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வண்டியப் பாத்ததில்ல சார்" என்றார் தங்கராஜ், மூன்றாவது காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது. கண் கலங்கியிருந்தது. "ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு. நான் தொழிலயே விட்டுடலாம்னு பாக்கறேன்."

அந்த வியாழக்கிழமை ஸ்ரீநிவாசன் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு ஃபேக்ஸ் கிடந்தது.

"ஆஸ்லோவிலேர்ந்து அவங்க டைரக்டரம்மா வந்துண்டிருக்காங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு நம்ம கேட்டுல நிப்பாங்க. என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'எங்கள் எஞ்சினியருக்கு ஆறு மாதக் காருக்கு அனுமதி கொடுத்தோம். அவர் ஏன் ஒரு ஆபீசரின் முதுகைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிறார்?' யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கா."

"நீங்கதானுங்க சார் காரு ஓடக் கூடாதுன்னு..."

"நான் எப்ப சொன்னேன்?" ஸ்ரீநிவாசன் குரலைத் தாழ்த்தினார். "சொன்னேன், சரி. அது அப்போ. நாளைக்கு ஓலாவ் அந்தக் காரைத் தானே ஓட்டிண்டு வரணும். வரலைன்னா உங்க கன்ஃபர்மேஷன் லெட்டர நானே கிழிச்சுடுவேன்."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பரமசிவம் கீழே இறங்கினார். இந்த முறை கழற்றுவதற்கு அல்ல, மாட்டுவதற்கு. முந்தின நாள் எடுத்து வைத்திருந்த ஃபியூஸைப் பொருத்தினார். பேட்டரி வயரை முடுக்கினார். சைக்கிள் பம்பை வைத்து நாலு டயருக்கும் காற்றடித்தார். முதுகு மளுக்கென்றது. பொருட்படுத்தவில்லை. சாமியைக் கும்பிட்டு மாற்றுச் சாவியைத் திருப்பினார்.

வண்டி இருமக்கூட இல்லை.

புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏழு மணிக்குத் தங்கராஜுக்குப் போன் போட்டார். தங்கராஜ் போபோடியிலிருந்து பறந்து வந்து பானட்டைத் திறந்தார். திறந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியே இல்ல சார், அது இல்லாம ப்ளக்குக்கு கரன்ட்டே போகாது! முழுசா காணோம்! எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்!"

"நான் எடுக்கலீங்க! என்ற புள்ள மேல சத்தியம்!"

"நீங்க எடுத்தீங்கன்னு யாரு சார் சொன்னது?"

மணி எட்டே கால். ஓலாவ் டை கட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. காரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பால்கனியில் சாவித்ரி. அக்கம்பக்கத்து ஃப்ளாட்டுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கைபேசியில் ஸ்ரீநிவாசன்: "அம்மா ஹோட்டலேர்ந்து கிளம்பிட்டாங்க! கார் கிளம்பித்தா?"

"இன்னும் இல்லீங்க சார்" என்று பரமசிவம் போனை அணைத்தார்.

தங்கராஜ் எழுந்தார். "போலீஸுக்குப் போறேன் சார். என் வயித்துல அடிக்கறவன் எவன்னு தெரிஞ்சாகணும். இன்னிக்கு விடறதா இல்ல."

பரமசிவம் மாடியைப் பார்த்தார். சாவித்ரி கண்ணாலேயே, சொல்லிடுங்க என்றாள்.

"தங்கராஜ் அண்ணா, போலீஸெல்லாம் வேண்டாமுங்க. நான்தான். ஒரு மாசமா உங்க வண்டியக் கழட்டினது நான்தானுங்க."

தங்கராஜ் மறுபடியும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பரமசிவம் ஓலாவ் பக்கம் திரும்பித் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். பேட்டரி வயர், ஃபியூஸ், காற்று. நீங்கள் இந்த ரோட்டில் அடிபட்டுவிடக் கூடாதே என்று எல்லாரும் பயந்தோம், நீங்கள் ஆசையாகச் சாவியைத் திருப்பியபோதெல்லாம் எனக்குப் பாவமாக இருந்தது, என்னை மன்னிக்க வேண்டும். வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றியது. "அந்த மூடியை மட்டும் நான் எடுக்கவில்லை" என்று முடித்தார்.

ஓலாவின் முகம் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்தது. மொட்டைமாடியில் இருந்த வாட்டர் டேங்க்கைப் பார்க்க ஆரம்பித்தார்.

'கோபம். சாயங்காலமே மூட்டை கட்டிர வேண்டியதுதான்' என்று பரமசிவம் நினைத்தார்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓலாவ் ஃப்ளாட்டில் வீட்டு வேலை செய்கிற கனகவல்லி, ஓர் எவர்சில்வர் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். ஏரவாடாவில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் இந்தக் கட்டடத்துக்கு வாட்ச்மேன். கேட்டை ஒட்டிய அறையில்தான் குடியிருந்தார்கள்.

"கிச்சடி வெக்கலாம்னு சாவல் டப்பால கைய விட்டேன். இது வருது" என்று டப்பாவைத் தரையில் வைத்தாள். அரிசிக்குள்ளிருந்து டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியை எடுத்துத் தங்கராஜிடம் நீட்டினாள்.

தங்கராஜ் மூடியைப் பார்த்தார், ஓலாவைப் பார்த்தார். ஓலாவ் இன்னும் வாட்டர் டேங்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகவல்லி கையிலிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டு பரமசிவத்தை இரக்கத்தோடு பார்த்தாள்.

"ரோட்டப் பாத்துப் பயந்துட்டு எங்க வெள்ளக்கார சாபே தினம் நாலரைக்கு எறங்கி வந்து கழட்டிட்டுப் போயிடறாரு, அதுக்கு மேல அஞ்சு மணிக்கு நீங்க வேற எதுக்குண்ணே வந்து மெனக்கெடறீங்க?"